ஒப்புமையும் ஐயமும்: ‘பிக்கிங் காட்டன்’ நூலை முன்வைத்து

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் தாம்சன், ரொனால்ட் காட்டன் ஆகிய இருவரும் எரின் டோர்னியோ என்னும் எழுத்தாளரின் துணையோடு எழுதி, 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிக்கிங் காட்டன்’ என்னும் நூல், குற்றவியல் நீதியில் அக்கறை கொண்டோர் பலரும் எடுத்துப் பேசும் நூல்களுள் ஒன்றாகும். நூலின் பெயரே ஒரு சிலேடை. ‘காட்டன்’ என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பப் பெயர். பலருள் அவரைத் தேர்ந்து சுட்டிக்காட்டிய செயலை அத்தலைப்பு குறிக்கிறது. அதே சொற்களுக்குப் பருத்தி பறித்தல் என்றும் பொருள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாய் நின்று பருத்தி பறித்த வரலாறு அத்தலைப்பினுள் மறைந்து கிடக்கிறது. சுட்டிக்காட்டிய பெண் வெள்ளையர், காட்டப்பட்டவர் கறுப்பர்.

ஃபிக்ஹ் நூல்களில் ‘கிதாபுஷ் ஷஹாதாத்’ என்னும் சாட்சியங்கள் பற்றிய பகுதியைக் கற்பிப்போர்க்கு இந்நூல் புறக்கணிக்கத்தக்கதன்று எனக் கருதியே இதனை இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். சாட்சி சொல்பவர் நேர்மையாளர். அவர் கண்ணால் கண்டதையே சொல்கிறார். எனவே வழக்கு முடிந்தது என்னும் எண்ணம் நம் மாணவரிடையே மட்டுமன்றி, நம் மேடைகளிலும் வேரூன்றி நிற்கிறது. அந்த எண்ணத்தின் அடித்தளத்தையே இந்நூல் அசைத்துப் பார்க்கிறது.

நூல் கூறும் நிகழ்ச்சி இதுவே. 1984 ஜூலை மாத இறுதியில், பர்லிங்டன் நகரில் தனியே வசித்த 22 வயதுக் கல்லூரி மாணவி ஜெனிஃபரின் வீட்டுக்குள் அதிகாலை மூன்று மணியளவில் ஒருவன் புகுந்து, கத்தி முனையில் அவரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான். அந்நேரத்திலும் அப்பெண் ஓர் உறுதி பூண்டார். உயிரோடு தப்பினால் இவனைச் சிறைக்கு அனுப்பியே தீர்வது என்று எண்ணி, வெளிச்சம் விழும்போதெல்லாம் அவன் முகத்தைக் கூர்ந்து நோக்கி மனத்தில் பதித்துக்கொண்டார். பின்னர் தந்திரமாகத் தப்பி அண்டை வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அதே இரவில் அதே பகுதியில் மற்றொரு பெண்ணும் தாக்கப்பட்டார்.

இனித்தான் நாம் நிறுத்தி நிதானமாக நோக்க வேண்டிய பகுதி தொடங்குகிறது. ஜெனிஃபர் சொல்லச் சொல்லக் காவல்துறை ஓர் உருவப்படத்தை உருவாக்கியது. அதனையொட்டி ஐயத்துக்குரியவர்களின் ஆறு புகைப்படங்கள் அவர் முன் வைக்கப்பட்டன. சில நிமிடங்கள் ஆராய்ந்து, ரொனால்ட் காட்டனின் படத்தை எடுத்துக் காட்டினார். தாங்களும் அவரையே எண்ணியிருந்ததாக அதிகாரிகள் அவருக்கு உணர்த்தினர். சில நாட்களுக்குப் பின்னர் ஆட்களை நேரில் வரிசையாக நிறுத்தினர். அதில் நான்காமவரா ஐந்தாமவரா எனச் சற்றுத் தயங்கியபின் ஐந்தாமவரைச் சுட்டினார். அவரும் காட்டன்தான். புகைப்படத்திலும் வரிசையிலும் இடம்பெற்றவர் அவர் ஒருவரே. புகைப்படத்தில் தேர்ந்தெடுத்த அதே மனிதரையே மீண்டும் காட்டியிருக்கிறீர்கள் என அப்போதும் அவரிடம் சொல்லப்பட்டது. தயக்கம் மறைந்தது, மறுநொடியே அது உறுதியாயிற்று.

1985 ஜனவரியில் நடைபெற்ற விசாரணையில் ஜெனிஃபர் சாட்சிக் கூண்டில் நின்று எள்ளளவும் ஐயமின்றிக் காட்டனைச் சுட்டிக்காட்டினார். ஆயுள் தண்டனையும் அதன்மேல் 50 ஆண்டுகளும் விதிக்கப்பட்டன. அன்றிரவு தாக்கப்பட்ட மற்றப் பெண் வரிசையில் வேறொருவரைக் காட்டியிருந்தார். அந்தச் செய்தி நடுவர் குழுவின் செவிக்கு எட்டவில்லை. அதன் காரணமாகவே மாநில உச்ச நீதிமன்றம் மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. 1987-இல் நடந்த அம்மறு விசாரணையிலோ அந்த இரண்டாவது பெண்ணும் காட்டனையே காட்டினார்! தண்டனை ஆயுளும் 54 ஆண்டுகளுமாக உயர்ந்தது.

இதற்கிடையே சிறையில் காட்டன், தம்மைப் போன்றே தோற்றமளித்த மற்றொரு கைதியைக் கண்டார். பிறர் இவரை அவன் என்றும் அவனை இவர் என்றும் மாற்றி அழைக்கும் அளவுக்கு ஒப்புமை இருந்தது. அக்கைதிதான் உண்மைக் குற்றவாளி. தானே அக்குற்றத்தைச் செய்ததாக அவன் சக கைதியிடம் சொன்ன செய்தியும் வெளிவந்தது. மறு விசாரணையின்போது, நடுவர் குழு இல்லாத வேளையில், அவன் நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டான். அவன் மறுத்தான். ஜெனிஃபர் அவனை நேருக்கு நேர் பார்த்தார். இவனைத் தாம் முன்பு கண்டதே இல்லை என்றார்.

வாசகர் இவ்விடத்தில் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்றே சிந்திக்க வேண்டும். எந்த முகத்தை நினைவில் வைப்பதற்காக உயிருக்கு அஞ்சிய நிலையிலும் தம் கண்களை அப்பெண் திறந்து வைத்திருந்தாரோ, அந்த முகம் மூன்றாண்டுகளுக்குப் பின்னர் அவர் முன் நின்றபோது அவருக்கு அந்நியமாயிற்று. அவர் பொய் சொல்லவில்லை, மறதிக்காரரும் அல்லர். அவருடைய நினைவில் அந்த இரவின் முகம் இருந்த இடத்தில், புகைப்படத்தின் முகம் குடியேறிவிட்டது. 1995-இல், எஞ்சியிருந்த தடயங்களை டி.என்.ஏ. சோதனைக்கு உட்படுத்தியபோது உண்மை வெளிப்பட்டது. ஏறத்தாழ பதினோர் ஆண்டுகள் சிறையில் கழித்த காட்டன் அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாள் விடுதலையானார். தவறு நிரூபணமான பின்னரும் தம் கொடுங்கனவுகளில் காட்டனின் முகமே வந்ததாக ஜெனிஃபர் கூறுவது, நினைவு என்பது எத்தகைய பொருள் என்பதைக் காட்டுகிறது.

இது ஓர் ஊரில் ஒருமுறை நிகழ்ந்த விபத்தன்று. அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் குற்றமற்றவர் என நிறுவப்பட்ட முதல் 375 பேரின் வழக்குகளுள் ஏறத்தாழ 69 விழுக்காட்டில் சாட்சிகளின் தவறான அடையாளம் காட்டல் இடம்பெற்றிருந்ததாக, இத்துறையில் 1992 முதல் பணியாற்றும் ‘இன்னொசன்ஸ் புராஜெக்ட்’ அமைப்பு கணக்கிட்டுள்ளது.

இந்நூலை வாசிக்கும்போது, ஹதீஸ் கற்றோர் எவருக்கும் நினைவில் எழக்கூடிய ஓர் அறிவிப்பு உண்டு. வாயில் இப்னு ஹுஜ்ர் (ரழி) அவர்கள் வாயிலாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் ஹுதூத் பகுதியில் அது இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தொழுகைக்கெனப் புறப்பட்ட ஒரு பெண்மணியை வழியில் ஒருவன் மடக்கிப் பலவந்தப்படுத்திவிட்டு ஓடினான். அவர் கூக்குரலிட்டார். அவ்வழியே வேறொரு மனிதர் வந்தார். அவரைக் கண்டு, இன்ன செயலைத் தமக்குச் செய்தவர் இவரே என்றார் அப்பெண்மணி. அங்கு வந்த முஹாஜிர்கள் சிலர் அம்மனிதரைப் பிடித்து அவர் முன் கொண்டுவந்தனர். ஆம், இவரேதான் என்றார். பின்னர் அவர் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு செல்லப்பட்டார். அவர் விஷயத்தில் ஆணை பிறப்பிக்கப்பட்ட வேளையில் உண்மையில் குற்றம் புரிந்தவன் எழுந்து, அதனைச் செய்தவன் தானே என ஒப்புக்கொண்டான். நபி (ஸல்) அவர்கள் அப்பெண்மணியிடம், அல்லாஹ் அவரை மன்னித்துவிட்டதாகக் கூறி அனுப்பினார்கள். தவறாகப் பிடிக்கப்பட்ட மனிதரிடம் நல்வார்த்தை கூறினார்கள்.

இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் பலவந்தத்துக்கு ஆளான பெண்ணுக்குத் தண்டனை இல்லை என்னும் சட்டத்துக்கு ஆதாரமாகவே படித்துக் கடந்து செல்கிறோம். அது சரியே. ஆயினும் ஒப்புதலோ போதிய சாட்சிகளோ இல்லாத நிலையில் எந்த அடிப்படையில் ஆணை பிறந்தது என்னும் வினா விளக்கவுரையாளர்களை உறுத்தியிருக்கிறது. இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் இதனை எடுத்துக்கொண்டு, சூழ்நிலைச் சான்றுகளின் வலிமையே வெளிப்படையில் அத்தீர்ப்புக்கு இட்டுச் சென்றது என விளக்குகிறார்கள். தாம் வெளிப்படையானதைக் கொண்டே தீர்ப்பளிப்பதாகவும், வாதத் திறமையுள்ளவர் பக்கம் தீர்ப்பு சாயக்கூடும் என்றும் நபி (ஸல்) அவர்களே எச்சரித்திருப்பதை இதனோடு சேர்த்து வாசித்தல் வேண்டும்.

நமது கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அந்நிகழ்வில் பொய் சொன்னவர் எவருமில்லை. பெண்மணி உண்மையில் பாதிக்கப்பட்டவர்; பிடித்தவர்கள் முஹாஜிர்கள். அப்படியிருந்தும் பிடிபட்டவர் நிரபராதி. பலருள் ஒருவரைத் தேர்ந்து காட்டும்படி அப்பெண்மணி கேட்கப்படவில்லை என்பதையும் நோக்குக. ஒரே மனிதர் அவர் முன் நிறுத்தப்பட்டார். தாக்கப்பட்ட பதற்றம் தணியாத நிலையில், பிறர் பிடித்துவந்த ஒரே மனிதரைக் காணும் கண்ணுக்கு ‘இவரே’ என்று சொல்வது எளிது. ‘இல்லை’ என்று சொல்வது மிகக் கடினம். இன்றைய உளவியலார் தனி ஆளை முன்நிறுத்திக் கேட்கும் முறையை ஐயத்தோடு நோக்குவதற்கு இதுவே காரணம். மதீனாவில் உண்மைக் குற்றவாளி எழுந்து நின்றான். இறையச்சம் அவனை எழுப்பியது. 1987-இல் வட கரோலினா நீதிமன்றத்தில் நின்றவன் மறுத்துவிட்டுச் சிறைக்குத் திரும்பினான். எழுந்து நிற்கும் குற்றவாளியை நம்பி எந்த நீதிமன்றமும் நடைபெற இயலாது.

இதனினும் நேரடியான மற்றொரு நிகழ்ச்சியை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இரத்த ஈட்டுத்தொகை பற்றிய பகுதியில், ஷஅபீ (ரஹ்) வழியாகத் தொடர் சுருக்கிக் குறிப்பிடுகிறார்கள். இருவர் அலீ (ரழி) அவர்களிடம் வந்து ஒரு மனிதர் திருடியதாகச் சாட்சியளித்தனர். அவர் கை துண்டிக்கப்பட்டது. பின்னர் அவ்விருவரும் வேறொருவரைக் கொண்டுவந்து, தாங்கள் தவறிழைத்துவிட்டதாகவும் திருடியவர் இவரே என்றும் கூறினர். அலீ (ரழி) அவர்கள் இரண்டாமவருக்கு எதிரான அவர்களின் சாட்சியத்தை ஏற்கவில்லை. முதலாமவரின் கைக்குரிய ஈட்டுத்தொகையை அவர்களிடமிருந்து பெற்றார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்ததாகத் தெரிந்திருந்தால் அவர்களின் கைகளையே துண்டித்திருப்பேன் என்றும் கூறினார்கள்.

இத்தீர்ப்பில் மூன்று முடிவுகள் ஒருங்கே அடங்கியுள்ளன. தவறு வேறு, பொய் வேறு எனப் பிரித்தது ஒன்று. தவறுக்கும் ஈடு உண்டு என்றது மற்றொன்று. மூன்றாவதே மிக நுட்பமானது: ஒருமுறை ஆள் மாறிக் காட்டிய கண், அடுத்த முறை சரியாகத்தான் காட்டும் என்பதற்கு என்ன உறுதி? சாட்சிகள் மனம் திருந்தி வந்திருக்கிறார்கள் என்னும் இரக்கம், இரண்டாமவரின் கையைத் துண்டிக்கப் போதுமான ஆதாரமாகாது. வட கரோலினாவில் இரண்டாவது பெண் முதலில் ஒருவரையும் பின்னர் வேறொருவரையும் காட்டியபோது, அம்மாநில நீதிமன்றம் இந்த மூன்றாவது முடிவை எட்டவில்லை.

இனி, பிழை எங்கிருந்து நுழைந்தது என்னும் வினாவுக்கு வருவோம். ஜெனிஃபரின் கண்ணில் மட்டுமா? அவருக்குத் துணைநின்ற நாவிலும்தான். இதற்கு நம் மரபில் ‘தல்கீன்’ என்று பெயர். மரணத் தறுவாயில் கலிமாவை எடுத்துச் சொல்லிக் கொடுப்பதையே இச்சொல்லால் நம் மக்கள் அறிவர். நீதித்துறையில் அதன் பொருள், சாட்சிக்கு அவர் சொல்ல வேண்டியதை எடுத்துக் கொடுத்தல். காழீ இதனைச் செய்தல் வெறுக்கத்தக்கது என ஹிதாயா கூறுகிறது. சந்தேகத்துக்கு இடமில்லாத சூழலில், அச்சத்தால் நா எழாத சாட்சிக்கு உதவலாம் என இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் இசைவு தெரிவித்ததும் அங்கேயே பதிவாகியுள்ளது.

இச்சொல் தஃப்ஸீரில் தோன்றும் ஓரிடம் நமக்கு வியப்பளிக்கிறது. சூரா அந்நம்லில், ஸபா நாட்டு அரசியின் அரியணை ஸுலைமான் (அலை) அவர்களின் அவைக்குக் கொண்டுவரப்பட்டு, அதன் தோற்றம் மாற்றப்பட்டு, அரசியிடம் காட்டப்படும் நிகழ்ச்சி 41, 42-ஆம் வசனங்களில் இடம்பெறுகிறது. அவரிடம் கேட்கப்பட்ட வினாவில் ‘ஹாகதா’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. அதாவது, இத்தகையதா என்று கேட்கப்பட்டது. இது உம்முடையதா என நேராகக் கேட்கப்படவில்லை. இவ்வேறுபாட்டை ‘கஷ்ஷாஃப்’ ஆசிரியர் ஸமக்ஷரீ சுட்டிக்காட்டி, நேராகக் கேட்டிருந்தால் அது தல்கீன் ஆகிவிடும் என்பதே அவ்வாறு கேட்கப்படாமைக்குக் காரணம் என விளக்குகிறார். விடையோ அதனினும் சிறப்பு. அதுவேதான் என்றும் அரசி சொல்லவில்லை, அன்று என்றும் சொல்லவில்லை. அதுவே எனும்படியாக இருக்கிறது என்ற பொருளில் விடையளித்தார். அது அவருடைய அறிவின் நிறைவைக் காட்டுகிறது என்கின்றனர் முஃபஸ்ஸிர்கள். ஸமக்ஷரீயின் முஃதஸிலாக் கொள்கைகளோடு நமக்கு உடன்பாடில்லை. மொழி நுட்பத்தில் அவருக்கு நிகரானவர் மிகச் சிலரே என்பதை அவருடைய எதிர்ப்பாளர்களும் மறுத்ததில்லை.

தாம் கண்ட ஒப்புமையை ஒப்புமை என்று மட்டுமே சொல்லி நிறுத்திக்கொள்ளும் சாட்சியை நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. அரசு வழக்கறிஞருக்கு உறுதி தேவை. நான்காமவரா ஐந்தாமவரா என ஜெனிஃபர் தயங்கிய அந்தச் சில நொடிகளே அவருடைய சாட்சியத்தின் மிக உண்மையான பகுதி. அத்தயக்கத்தைப் பதிவு செய்து நடுவர் குழுவின் முன் வைக்க வேண்டியவர்கள், பாராட்டால் அதைத் துடைத்தெறிந்தனர்.

அரபு மொழியில் ‘ஷபஹ்’ என்றால் ஒப்புமை. அணியிலக்கணத்தில் உவமைக்கு ‘தஷ்பீஹ்’ என்பர். இதே வேரிலிருந்து பிறந்ததே ‘ஷுப்ஹா’ என்னும் ஐயம். ஒன்று மற்றொன்றைப் போலிருக்கும் இடத்தில்தான் ஐயம் பிறக்கிறது. ஷுப்ஹா இருப்பின் ஹுதூத் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்னும் ஃபுகஹாக்களின் விதியைச் சொல்லின் வேரோடு வாசித்தால், ஆள் மாறாட்டம் என்பது அவ்விதியின் ஓரத்தில் நிற்கும் விதிவிலக்கன்று, அதன் நடுவிலேயே இருப்பது என்பது புலனாகும். சந்தேக நபரை இக்கால அரபு நாளேடுகள் ‘முஷ்தபஹ் ஃபீஹி’ என எழுதுகின்றன. யாருடைய விஷயத்தில் ஒப்புமைக் குழப்பம் நேர்ந்ததோ அவர் என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் நாம் ‘குற்றவாளி கைது’ என்று தலைப்பிட்டு விடுகிறோம்.

இவ்வளவும் எழுதியபின், நம்மவர் சிலரின் வழக்கமான மகிழ்ச்சி ஒன்றைத் தடுத்து நிறுத்த வேண்டியுள்ளது. மேலை உளவியல் இன்று கண்டதை நாம் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டோம் என்னும் மகிழ்ச்சியே அது. விதைகள் நம்மிடம் இருந்தன, ஐயமில்லை. அவற்றை எந்த அளவுக்கு வளர்த்தோம்? நம் ஃபிக்ஹ் நூல்களில் சாட்சியின் ‘அதாலத்’ எனப்படும் நேர்மைக்குச் செலவிடப்பட்ட பக்கங்களைப் பாருங்கள். யாருடைய சாட்சியம் செல்லும், யாருடையது செல்லாது என்பது குறித்து நுணுகி நுணுகி ஆராயப்பட்டுள்ளது. ‘ழப்த்’ எனப்படும் நினைவுத் துல்லியம் குறித்தும் விதிகள் உண்டு. கவனமற்றவரின் சாட்சியம் ஏற்கப்படாது என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் உள்ளது. முகத்திரை அணிந்த பெண்ணுக்கு எதிராகக் குரலை மட்டும் வைத்துச் சாட்சியம் ஏற்பது செல்லாது என்பதும் அதில் உள்ளது. தம் கையெழுத்தைக் கண்ணெதிரே கண்டாலும், நிகழ்வு நினைவுக்கு வராதவரை அதைக் கொண்டு சாட்சி சொல்லலாகாது என்கிறது குதூரீ. ஜெனிஃபரின் நிலைக்கு மிக நெருங்கிய சட்டம் இதுவே எனலாம். அவர் கண்டது புகைப்படம். அவர் சாட்சியளித்தது இரவுக்கு.

ஆயினும் இவ்விதிகள் யாவும் ழப்தைச் சாட்சியின் இயல்பாகவே கருதுகின்றன. துல்லியமானவர், துல்லியமற்றவர் என ஆட்களைப் பிரிக்கின்றன. கூர்ந்த அறிவும் வலுவான நினைவாற்றலும் உடைய ஒருவர், விசாரிக்கும் முறையின் கோளாறால் படிப்படியாகத் தவறான உறுதிக்கு இட்டுச் செல்லப்படலாம் என்பதற்கு அங்கே தனி வகை இல்லை. இத்தனைக்கும் இதே உண்மையை ஹதீஸ் கலையில் நம் முன்னோர் மிகத் தெளிவாக உணர்ந்திருந்தனர். நல்லடியார்களிடம் ஹதீஸில் காணப்படும் அளவுக்குத் தவறு வேறெதிலும் காணப்படுவதில்லை என்னும் கருத்துப்பட யஹ்யா இப்னு ஸயீத் அல்கத்தான் (ரஹ்) அவர்கள் கூறியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் முன்னுரையில் எடுத்துக்காட்டி, அவர்கள் வேண்டுமென்று அவ்வாறு செய்வதில்லை, அவர்களறியாமல் அவர்கள் நாவில் அது வந்துவிடுகிறது என விளக்குகிறார்கள். பக்தியைப் பார்த்து மயங்காமல், அறிவிப்பை அறிவிப்போடு ஒப்பிட்டுப் பிழை காணும் ஒரு பெருங்கலையை வளர்த்த சமுதாயம், காழீயின் அவையில் அக்கலையில் பாதியையேனும் கையாளவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு. ஹதீஸ் வகுப்பும் ஃபிக்ஹ் வகுப்பும் அடுத்தடுத்த அறைகளில் நடக்கின்றன. நடுவில் ஒரு சுவர்.

நூலுக்குத் திரும்புவோம். அமைப்பில் முதற்பகுதி ஜெனிஃபரின் கூற்று. அடுத்தது காட்டனின் கூற்று. பின்னர் இருவரும் மாறி மாறிப் பேசுகின்றனர். காட்டனின் பகுதியே வலிமை வாய்ந்தது எனத் துணிந்து கூறலாம். தாம் எங்கிருந்தோம் என்பதைச் சொல்ல முனைந்து, வார இறுதிகளை மாற்றிக் குழம்பிச் சொல்லி, அதனாலேயே பொய்யராகக் கருதப்பட்டதை அவர் விவரிக்கும் இடம் மனத்தைத் தொடுவது. பாதிக்கப்பட்டவரின் நினைவு பிழைத்தபோது அது ஆதாரமாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவரின் நினைவு பிழைத்தபோது அதுவும் அவருக்கு எதிரான ஆதாரமாயிற்று! நூலாசிரியர்கள் இம்முரணைக் காட்டிவிட்டு விரைந்து கடந்து செல்கின்றனர். இன்னும் ஓர் அத்தியாயம் இதற்குத் தகும்.

நூலின் துணைத் தலைப்பில் ‘மீட்சி’ என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றுள்ளது. கிறிஸ்தவ இறையியலின் மணம் கமழும் சொல். விடுதலைக்கு ஈராண்டுகளுக்குப் பின் ஒரு தேவாலயத்தில் இருவரும் சந்திக்கின்றனர், அவர் கண்ணீரோடு மன்னிப்புக் கோருகிறார், இவர் முன்பே மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார், நண்பர்களாகின்றனர். காட்டனின் பெருந்தன்மையை நாம் மதிக்கிறோம். இறைமறை போற்றும் பண்பும் அதுவே. நமது ஐயம் வேறு: நூலின் எடை முழுவதும் இம்மன்னிப்பின் பக்கம் சாய்ந்துவிடுவதால், வாசகர் கண்களைத் துடைத்துக்கொண்டு நிறைவோடு எழுந்து சென்றுவிடுகிறார். கருணையால் முடிந்துவிட்ட கதையில் கணக்குக் கேட்பார் இல்லை. அடியார்களின் உரிமை சார்ந்த விஷயத்தில் உரிமையாளர் மன்னிக்கலாம்; தம்மளவில் மட்டுமே மன்னிக்கலாம். இழப்புக்கு வழிவகுத்த அதிகார அமைப்பின் கடமை அதனால் நீங்குவதில்லை. அப்பெண்ணிடம் ஈட்டுத்தொகை கேட்பதில் நமக்கு உடன்பாடில்லை. அவரைத் தவறான உறுதிக்கு இட்டுச் சென்றது காவல்துறை. ஆட்சியாளர், நீதிபதி ஆகியோரின் தவறுக்கு பைத்துல்மால் பொறுப்பேற்க வேண்டும் என்னும் ஹனஃபீ விதியே இங்குப் பொருந்துவதாகும். வட கரோலினா அரசு பதினோர் ஆண்டுகளுக்காகக் காட்டனுக்கு அளித்த தொகை 110,000 டாலர்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மாநிலம் 2007-இல் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றியது. சந்தேக நபர் யார் என்றறியாத அதிகாரியே அணிவகுப்பை நடத்த வேண்டும். படங்களையோ ஆட்களையோ ஒருவர்பின் ஒருவராகக் காட்ட வேண்டும். குற்றவாளி இவர்களுள் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தேர்ந்தெடுத்தவுடன், எவரும் எதுவும் கூறுமுன், சாட்சியின் உறுதி எவ்வளவு என்பதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். தல்கீனுக்கு எதிராக இவ்வளவு விரிவான விதிகளை நாம் வேறெங்கும் கண்டதில்லை. இவ்வழக்கை விசாரித்த துப்பறியும் அதிகாரியே பிற்காலத்தில் அந்நகரின் காவல்துறைத் தலைவராகி, இத்தகைய சீர்திருத்தத்தை முன்னின்று செய்தார்.

நம் நாட்டில் நிலை என்ன? 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் கொண்டு நடைபெற்றுவந்த அடையாள அணிவகுப்பு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 7-ஆம் பிரிவின்கீழ் தொடர்கிறது. அணிவகுப்பு விசாரணைக்குத் துணை மட்டுமே. நீதிமன்றத்தில் சாட்சி சுட்டிக்காட்டுவதே முதன்மைச் சான்று என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வரும் நிலைப்பாடு. குற்றம் சாட்டப்பட்டவர் எந்த இடத்தில் நிற்பார் என்பது அறையிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கையில் நிகழும் இச்சுட்டலின் மதிப்பு என்ன என்பதை வழக்கறிஞர்களாக உள்ள நம் வாசகர்கள் எழுத முன்வர வேண்டும்.

2006 ஜூலை 11 அன்று மும்பை புறநகர் ரயில்களில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 180-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2015-இல் சிறப்பு நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்தப் பன்னிருவரையும் விடுவித்தது. அவர்களுள் ஒருவர் 2021-ஆம் ஆண்டிலேயே சிறைவாசத்தின்போது இறந்துவிட்டிருந்தார். அத்தீர்ப்பின் பெரும்பகுதி கண்கண்ட சாட்சியங்களை ஆராய்கிறது. டாக்ஸி ஓட்டுநர்கள் உள்ளிட்ட சாட்சிகள் நூறு நாட்களுக்கும் மேலாக வாய் திறவாதிருந்துவிட்டுப் பின்னர், சில நிமிடங்களே கண்ட முகங்களைத் துல்லியமாக நினைவுகூர்ந்தது எவ்வாறு என்று நீதிபதிகள் வினவினர். அணிவகுப்பை நடத்திய அலுவலருக்கு அதற்குரிய அதிகாரம் இல்லாமையால் அதனையும் ஒதுக்கினர். மூன்று நாட்களுக்குப் பின்னர் உச்ச நீதிமன்றம், இத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என நிறுத்தி வைத்தது. விடுவிக்கப்பட்டோரை மீண்டும் சிறைக்கு அனுப்பவில்லை.

இவ்வழக்கை நம் சமுதாயத்தின் துயரமாக மட்டும் பேசும் கட்டுரைகள் பல வந்துள்ளன. பத்தொன்பது ஆண்டுகள் என்பது எவ்வளவு நீளம் என்பதை அக்குடும்பங்கள் அறியும், அத்துயரம் உண்மை. ஆயினும் அந்த ரயில்களில் இறந்தோரின் குடும்பங்களை அக்கட்டுரைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. பர்லிங்டனில் காட்டன் கைதான பின்னர், உண்மைக் குற்றவாளி தான் பிடிபடும் வரை வேறு பெண்களையும் தாக்கினான். அப்பெண்களின் கூற்று ‘பிக்கிங் காட்டன்’ நூலில் எங்கும் இல்லை.